பத்தாவது ஸ்லைடு

பிள்ளையார் சதுர்த்தி வரைக்கும் அந்த எருக்கஞ்செடியை யாரும் தொடமாட்டார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் ஊரில் எருக்குக்கு வருஷத்தில் இரண்டு நாள்தான் வேலை. ரத சப்தமிக்கு இலை, சதுர்த்திக்குப் பூ. மற்ற நாளில் வீட்டுப் பக்கம் எருக்கு முளைத்தால் குடி விளங்காது என்று பிடுங்கிப் போடுவார்கள். அது 1998 ஜூலை. ரத சப்தமி முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சதுர்த்திக்கு ஆகஸ்ட் கடைசி வரை நேரம் இருந்தது. ஒரு முட்டை பட்டாம்பூச்சியாக இருபத்தைந்து நாள் போதும்.

செடி புனேயை ஒட்டிய ஆகுர்டியில், நான் வாடகைக்கு இருந்த பின்பக்க அறைக்கு எதிரே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. முன்வீட்டில் பவுனக்காவும் அவர் கணவரும். அக்கா குடியாத்தத்துக்காரர். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்து மூன்று வருஷம். கணவர் வண்டித் தொழிற்சாலையில் ஷிஃப்டு. பிள்ளைகள் இல்லை.

நான் தென்காசி. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு சிஞ்ச்வடில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்திருந்தேன். வேலை, கிருமி எண்ணுவது. கண்ணாடித் தட்டை விளக்கின் மேல் வைத்து, அதில் முளைத்த புள்ளிகளைப் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ண வேண்டும். பேச வேண்டியதில்லை. இரண்டு வருஷம் அங்கே தங்கியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் எழுதுவேன். ஹிந்தி கேட்டால் புரியும். பதில் சொல்லுமுன் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். ஓட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, சிவாஜி நகரில் ஒரு பள்ளிக்கூட அறையில் பூச்சி பார்ப்பவர்கள் கூடுவார்கள். செய்தித்தாளில் இரண்டு வரி அறிவிப்பைப் பார்த்து நானாகப் போனேன். இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். கல்லூரியில் பாடம் எடுக்கும் வைஷாலி மேடம்தான் நடத்துபவர். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, சுவரில் ஸ்லைடு போட்டுக் காட்டுவார்கள். நான் கடைசி பெஞ்சு. இடைவேளையில் எல்லோரும் வராந்தாவில் நின்று டீ குடித்துக்கொண்டு மராத்தியில் சிரிப்பார்கள். நான் வகுப்புக் கதவில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் படித்துக்கொண்டு நிற்பேன். ஏழாம் வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட் பூகோளம் என்பது எனக்கு மனப்பாடம்.

ஏழு மாதம் அப்படிப் போனேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பத்து ஸ்லைடு காட்டியவரின் பெயரைத்தான் சிவப்பு அட்டை போட்ட நோட்டில் எழுதுவார்கள். நோட்டில் பெயர் இருப்பவர்தான் மழை முடிந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறலாம். பத்துப் படமும் ஒரே உயிருடையதாக இருக்க வேண்டும். அதைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, டப்பாவில் வைத்து வளர்க்கக்கூடாது. இருந்த இடத்தில் இருந்தபடி.

அந்த பஸ்ஸைப் பற்றி நான் நிறைய யோசித்திருந்தேன். ஜன்னல் ஓரம் யாருக்கு, பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பது வரைக்கும்.

ஜூன் கூட்டத்தில் வைஷாலி மேடம், "ஆகஸ்டுக்கு யார்?" என்று கேட்டார். என் கை மேலே இருந்தது. எப்படிப் போனதென்று எனக்கே தெரியாது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி பெஞ்சைப் பார்த்தார். "பெயர்?" என்றார். ஏழு மாதத்தில் முதல் முறை.

முட்டையை ஜூலை ஒன்றாம் தேதி பார்த்தேன். ப்ளெயின் டைகர் என்ற பட்டாம்பூச்சி. செம்மஞ்சள் இறக்கை, ஓரத்தில் கறுப்பும் வெள்ளைப் புள்ளியும். வேகமில்லாமல் பறந்து வந்து ஓர் இலையின் அடியில் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுப் போனது. கசகசா அளவு.

காமிரா, அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்து, சலித்துப்போய் என்னிடம் விட்டது. சின்ன உயிர்களுக்கென்று தனி லென்ஸ் இல்லை. இருக்கிற லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி ஒரு வளையத்தால் மாட்டினால் கசகசாவும் கடலையாகத் தெரியும். ஆனால் நான்கு விரல் தூரத்தில் நிற்க வேண்டும். மூச்சு விட்டால் மங்கிவிடும். மழைக்காலத்து வெளிச்சத்தில் அதற்கு ஷட்டர் மெதுவாகத்தான் விழும். ஆகவே காற்று நிற்கும்வரை அசையாமல் நிற்பேன். காலை அரை மணி, வேலை விட்டு வந்ததும் அரை மணி, முகம் சுவரைப் பார்த்தபடி. காமிராவைத் துப்பட்டாவுக்குள் மறைத்துத்தான் எடுத்துப்போவேன். யாராவது என்ன என்று கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

முட்டைக்கு ஐந்து படம் செலவானது, மூன்று வீண். நான்காம் நாள் காலையில் தன் முட்டை ஓட்டைத் தின்றுகொண்டிருந்த புழு நூல் கனம்கூட இல்லை. பிறகு அது தின்றது, தின்றது மட்டும்தான். வெள்ளையில் கறுப்புக் கோடு, மஞ்சள் பொட்டு, முதுகில் மூன்று ஜோடிக் கொம்பு. எருக்கம்பால் மற்றவர்களுக்கு விஷம். இது அதைக் குடித்துத் தானும் விஷமாகிவிடும். அதனால் ஒளிவதில்லை. பட்டப்பகலில் இலை நடுவில் உட்கார்ந்திருக்கும். எனக்கு அதில் பொறாமைகூட இருந்தது.

பதினேழாம் தேதி ஓர் இலையின் அடியில் தலைகீழாகத் தொங்கியது. மறுநாள் கூட்டுப்புழு. வெளிர் பச்சை, இடுப்பில் ஒரு வரிசை பொன் புள்ளி. நான் இத்தனை நாளில் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று ஸ்லைடு வருமுன்பே தெரிந்தது.

ஸ்லைடு ஃபிலிம் சுருளில் முப்பத்தாறு படம், முப்பத்திரண்டு தீர்ந்திருந்தது. எட்டு ஸ்லைடுக்கு வழி இருந்தது. ஒன்பதாவது, கூடு கறுப்பது, ஒரு படம். பத்தாவது, அது வெளியே வருவது. மீதி மூன்று படம் அதற்கு.

இருபத்து நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பச்சை போய்க் கூடு கறுத்திருந்தது. உற்றுப் பார்த்தால் தோலுக்குள் மடித்து வைத்த செம்மஞ்சள் தெரிந்தது. அதை ஒரு படம் எடுத்தேன், முப்பத்து மூன்று. நாளைக் காலை, ஏழிலிருந்து ஒன்பதுக்குள். அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மழை வருகிற மாதிரி இருந்தது. சட்டம் நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் காமிராவோடு போனபோது செடியில் இலை இல்லை.

உச்சியில் நான்கைந்து தளிர் மட்டும் இருந்தது. கீழே எல்லாக் காம்பிலும் பால் சொட்டி வெள்ளையாக உறைந்திருந்தது. ஆடு வந்திருந்தால் இப்படிச் சுத்தமாகப் பறித்திருக்காது. குனிந்து தரையைத் தேடினேன். அப்போது கேட் சத்தம் கேட்டது.

"ஐயே, இம்மாம் சீக்கிரமாவே எழுந்துக்கினியா?"

பவுனக்கா. தலை ஈரம் காயவில்லை. கையில் பித்தளைத் தட்டு, அதில் தேங்காய் மூடி, ஒரு தாள் மடிப்பில் செந்தூரம்.

"அக்கா, இந்தச் செடியில இலை..."

"நான்தான் பறிச்சேன். நாலரைக்கு. குளிச்சிட்டு ஈரத்துணியோட." பெருமையாகச் சொன்னார். "இன்னிக்கு ஷ்ராவண் மாசத்து மொத சனிக்கிழமை தெரியுமா? மாருதிக்கு ருயி மாலை போட்டா நெனச்சது பக்காவா நடக்கும்."

"ருயின்னா?"

"எருக்குதான்டீ. நம்ம ஊர்ல ஆஞ்சநேயருக்கு வடை, வெத்தலை. இங்க எருக்கு. வந்த புதுசுல எனக்கும் சிரிப்பாதான் இருந்துச்சு. எப்பவும் பூக்காரி கைல வாங்கிப்பேன். இது உனக்காவப் போட்டது. அதான் நம்ம செடிலயே பறிச்சேன்."

"எனக்காகவா?"

"பின்ன?" தட்டை ஒரு கையில் மாற்றிக்கொண்டார். "காலையும் சாயங்காலமும் அந்தச் செவுரு பக்கமா திரும்பிக்கினு அரை மணி நேரம் நிக்கிறே. முதுவு மட்டும்தான் தெரியுது. கிச்சன் ஜன்னல்லருந்து நான் பாக்கலன்னு நெனச்சியா? எங்க ஊட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அந்தப் பொண்ணு அழுவுதுய்யான்னு. ஒத்தையில கெடக்குது, யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசறதில்ல. எந்தச் செடிகிட்ட போய் அழுவுதோ அதுலயே கட்டிப் போட்டா சாமி கேப்பாருன்னு கட்டினேன். இருவத்தோரு எலை."

அக்கா செந்தூரத்தைத் தொட்டு என் நெற்றியில் அழுத்தி வைத்தார். விரல் சில்லென்று இருந்தது.

"தை மாசத்துக்குள்ள ஒரு தொணை வந்துடும் பாரு."

"அக்கா, ஏதாச்சும் இலையில... தொங்கிச்சா?"

"ஆங், கருப்பா ஒரு பிஞ்சு. காயோட போனா விசேசம்தானேன்னு அப்பிடியே வுட்டுட்டேன். ஏன்?"

"சும்மாதான்க்கா."

"சரி, நான் மண்டி வரைக்கும் போயிட்டு வர்றேன். இன்னிக்குப் போனாதான் காய்கறி நல்லாருக்கும். டீ போட்டு வச்சிருக்கேன், குடி."

மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றேனே, ஒருநாள் திரும்பி, அக்கா இங்கே வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் போனதும் அதுதான் முதலில் தோன்றியது. காமிராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மாருதி கோவில் ஸ்டேஷன் ரோட்டு முனையில். சின்னக் கோவில்தான். அன்றைக்கு வரிசை கடைத்தெரு வரை நின்றது. எல்லோர் கையிலும் எருக்கிலை மாலை, சின்னக் குப்பியில் எண்ணெய். உள்ளே செந்தூரம் பூசிய மாருதி கழுத்திலிருந்து பாதம் வரை பச்சையாக இருந்தார். பூசாரி ஒவ்வொரு குப்பியாக வாங்கி சிலையின் தலையில் ஊற்றினார். எண்ணெய் தோளில் வழிந்து மாலை மாலையாக இறங்கிக்கொண்டிருந்தது.

பூச்சி மூச்சு விடுவது உடம்பின் பக்கத்தில் உள்ள துளைகளால். மேலே எண்ணெய் பட்டால் அவ்வளவுதான். இது பாடத்தில் படித்தது. கொசுப் புழுவுக்கு எண்ணெய் ஊற்றுவது அதற்காகத்தான்.

வரிசையில் என் முறை வந்தபோது பார்த்தேன். இடது பக்கம், மற்ற மாலைகளுக்கு அடியில், பவுனக்காவின் மாலை. அவர் எதைக் கட்டினாலும் மஞ்சள் நூலில்தான் கட்டுவார். கீழிருந்து மூன்றாவது இலையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் அதற்கு ஒரு சாண் மேலே வந்திருந்தது.

பூசாரி கையை நீட்டினார். என்னிடம் மாலையும் இல்லை, எண்ணெயும் இல்லை. வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டினேன். மாலை என்பது ஹிந்தியில் பெண்பாலா ஆண்பாலா என்று யோசித்தேன். பின்னால் ஒருவர், "சலா, சலா" என்று அவசரப்படுத்தினார். வரிசை என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே விட்டது.

வெளியே நின்றேன். மழை தூறியது. வீட்டுக்குப் போயிருக்கலாம். வேலைக்குக்கூட நேரமாகியிருக்கவில்லை. மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனேன்.

இரண்டாம் முறை எண்ணெய் நான்கு விரல் மேலே இருந்தது.

"மாலா," என்று கை காட்டினேன்.

"ப்ரசாத் பாயிஜே கா?" என்றார் பூசாரி, பிரசாதம் வேண்டுமா என்று. நான் தலையாட்டினேன். அவர் மேலேயிருந்த மாலையிலிருந்து இரண்டு இலையைப் பிய்த்து என் கையில் வைத்து, அடுத்த குப்பியை வாங்கினார்.

"யே நஹி. வோ," என்று அடியிலிருந்த மாலையைக் காட்டினேன்.

"தாயி, எல்லாம் ஒரே மாருதிதான்," என்று பின்னாலிருந்த பெண் ஹிந்தியில் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். பூசாரி குப்பியைச் சாய்த்தார்.

"உஸ்மே ஜான் ஹை!"

புனேயில் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. அதற்குள் உயிர் இருக்கிறது என்றுதான் சொன்னேன். சரியான ஹிந்தியா என்று தெரியாது. மணி அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பூசாரி குப்பியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். நான் காட்டிய இலையைக் கட்டை விரலால் திருப்பிப் பார்த்தார். கூடு ஒரு தரம் அசைந்தது. அவர் மற்ற மாலைகளை விலக்கி, மஞ்சள் நூல் மாலையைக் கழற்றி, என் இரண்டு கையிலும் போட்டார். "சாம்பாளூன்," என்றார். பார்த்துப் போ என்று அர்த்தம் என்று எண்ணிக்கொண்டேன்.

மாலையை மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி ஸ்டேஷன் ரோட்டில் நடந்தேன். நெற்றியில் செந்தூரம் வேறு. சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா மண்டியிலிருந்து வரவில்லை. அந்த ஓர் இலையை மட்டும் பிரித்து, மாலையின் நூலாலேயே எருக்கஞ்செடியின் ஒரு காம்பில் கட்டினேன். அவசரத்தில் முடிச்சு பெரிதாக விழுந்தது. கட்டி முடித்துப் பின்னால் நகரும்போதே கூட்டின் அடியில் கீறல் விழுந்தது.

முதலில் கால்கள். பிறகு தலை. பிறகு மொத்தமும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, காலிக் கூட்டைப் பிடித்துத் தொங்கியது. இறக்கைகள் நனைந்த துணிபோல் சுருங்கியிருந்தன. வயிறு சுருங்கிச் சுருங்கி விரிய, இறக்கைக்குள் ஏதோ ஓடி அவை நீண்டன. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து. ரயில் ஒன்று போய்ச் செடி ஆடியது, நிற்கும்வரை காத்திருந்தேன். முடிச்சு தெரியாத பக்கமாக நகர்ந்து நின்று முப்பத்தாறு.

அதற்குப் பிறகு படம் இல்லை. இருந்தும் அங்கேயே நின்றேன். பத்தரை மணி சுமாருக்கு வெயில் கொஞ்சம் வந்தது. அது இரண்டு தரம் இறக்கையைத் திறந்து மூடியது. சுவரைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கப் புதர் வரை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

மாலையின் மீதியைப் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற வழியில் கோவில் வாசலில் பழைய மாலை போடும் கூடையில் போட்டேன். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்காகச் சாமிக்குப் போட்டதைத் திருப்பி வாங்கி வந்தேன் என்று எப்படிச் சொல்வது? கூடத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். வயிற்று வலி என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, கணபதி உட்கார்ந்த வாரம். சிவாஜி நகரில் தெருவுக்கு இரண்டு பந்தல், பந்தலுக்கு நான்கு ஒலிபெருக்கி. பள்ளிக்கூட ஜன்னலை மூடிக் கறுப்புத் துணி கட்டியும் பாட்டு உள்ளே வந்தது.

என் பெயரைச் சொன்னார்கள். முன்னால் போய் ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன். பேச வேண்டியதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இருட்டில் படிக்க முடியவில்லை. ஸ்லைடு மாறும்போது மட்டும் "எக்." "ஃபர்ஸ்ட் டே." "டென்த் டே." என்று சொன்னேன். அது போதும் போல இருந்தது. பொன் புள்ளிக் கூடு வந்தபோது யாரோ வியந்து நாக்கைச் சொடுக்கினார்கள். முன் பெஞ்சிலிருந்த ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்பதாவது, கறுத்த கூடு.

பத்தாவதைத் தள்ளினேன்.

செம்மஞ்சள் சுவர் முழுக்க விரிந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது. அறையில் பேச்சு நின்றது. அந்த நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தைக்கூட நினைத்தேன்.

"அது என்ன சிவப்பு?" என்று ஒரு வயதானவர் ஹிந்தியில் கேட்டார்.

இலையின் ஓரத்தில் ஒரு பொட்டு. ஸ்லைடை ட்யூப் லைட்டில் பிடித்துப் பார்த்தபோது கடுகில் பாதிகூட இல்லை. தூசி என்று நினைத்திருந்தேன். சுவரில் அது உள்ளங்கை அளவு இருந்தது. அதில் பூசாரியின் கட்டை விரல் ரேகைகூடத் தெரிந்தது.

துரு நோய் என்று சொல்லியிருக்கலாம். இலையில் வரும் ஒரு பூஞ்சை, இதே நிறம்தான். ரஸ்ட் ஃபங்கஸ், இரண்டே சொல். நம்பியிருப்பார்கள். நான் விலங்கியல் பட்டதாரி.

"சிந்தூர்," என்றேன். ஒலிபெருக்கியில் பாட்டு உச்சத்தில் இருந்தது. கேட்கவில்லை என்று கையைக் காதில் வைத்தார். கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "மாருதியின் சிந்தூர். இலையை மாலைக்குப் பறித்துவிட்டார்கள். நான் கோவிலில் போய் வாங்கிவந்து திரும்பச் செடியில் கட்டினேன்."

அறை முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. ஒருவர் மராத்தியில் ஏதோ சொல்ல, இன்னும் சிரித்தார்கள். தொட்டது தொட்டதுதான் என்றார் ஒருவர். ஆபத்தில் தொடலாம் என்றார் இன்னொருவர். பட்டாம்பூச்சியை மறந்து சட்டத்தைப் பேசினார்கள். வைஷாலி மேடம் விளக்கைப் போட்டார். சுவரில் நிறம் வெளிறிப் போனது.

"கோதை, நல்ல படங்கள். உண்மையைச் சொன்னாயே, அதுவும் நல்லது," என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதுபோல. "ஆனால் ஒன்பது. பத்துக்கு வேறொரு பூச்சியோடு வா. மார்ச்சில் இடம் இருக்கிறது."

மலைக்கு பஸ் அக்டோபரில். நான் தலையாட்டினேன். சிவப்பு நோட்டை அவர் திறக்கவில்லை. இடைவேளையில் பார்த்தால், கதவில் கால அட்டவணை புதுப் பள்ளி வருஷத்துக்கு மாறியிருந்தது. செவ்வாய் மூன்றாவது பீரியட் இப்போது கணக்கு.

லோக்கலில் உட்கார இடம் கிடைத்தது. ஸ்லைடு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். பிம்ப்ரி தாண்டும்போதுதான், அங்கே அத்தனை பேரில் ஒருவரும் அது பறந்ததா என்று கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பவுனக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நெற்றிப் பொட்டும் நல்ல சுடிதாருமாக நான் வருவதைப் பார்த்து, "இன்னா, எங்க போயிட்டு வர்றே? ஆரையாச்சும் பாத்துட்டியா?" என்று கண்ணடித்தார்.

இல்லை என்று உள்ளே போயிருப்பேன். எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு டப்பாவைத் திறந்து, "அக்கா, இதைப் பாருங்க," என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து, வாசல் வழியே தெரிந்த சமையலறை விளக்குக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினேன். அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இது இன்னா, சவ்வரிசியா?"

"முட்டைக்கா."

"ஐயே, புழு! இத்தப் போயா புடிச்சே?... அட, இது நல்லாருக்குது. ஜிமிக்கியாட்டம். நம்ம செடியா இது?" ஒன்பதாவதை வெகுநேரம் பார்த்தார். "இது அந்தப் பிஞ்சுதானே."

"பிஞ்சு இல்லக்கா."

அவர் கை இறங்கியது. நான் பத்தாவதைக் கொடுத்தேன். அதையும் பார்த்தார். செந்தூரத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருபத்து மூன்று வருஷமாகப் பார்த்த நிறம். எல்லாவற்றையும் சொன்னேன், தமிழில், எந்த வாக்கியத்தையும் முன்கூட்டி ஓட்டிப் பார்க்காமல். மாலையைத் திருப்பி வாங்கியது வரை. கூடையில் போட்டது வரை.

அக்கா முறத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"பறந்துச்சா?"

"பறந்துச்சுக்கா. லைனுக்கு அந்தப் பக்கம்."

"அப்ப என் வேண்டுதல மாருதி அதுங்கையில குடுத்தனுப்பிட்டாரு. போவட்டும். அதுக்காச்சும் ஒரு தொணை கெடைக்கட்டும்." சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் நன்றாகவே சிரித்தோம். பிறகு அவர் கேட்டார்: "அப்ப நீ அங்க நின்னு அழுவவேயில்லியா?"

"இல்லக்கா. படம் எடுத்தேன்."

"ஒருநாள்கூடவா?"

நான் டப்பாவை மூடினேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது, அவர் எழுந்தார். எழும்போது பத்தாவது ஸ்லைடைக் கையிலேயே வைத்திருந்தார். "இது எங்கிட்ட இருக்கட்டும். செந்தூரம் பட்டது," என்று சொல்லி, சமையலறை ஜன்னல் கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகினார்.

என் அறைக்குப் போகிற வழி அந்த ஜன்னலைத் தாண்டித்தான். வெளியே இருட்டியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு தபால் தலை அளவுக்குச் செம்மஞ்சள். அக்கா அடுப்பிலிருந்து நகரும்போதெல்லாம் அவர் நிழல் விழுந்து அது அணைந்தது, மறுபடி எரிந்தது. பக்கத்தில் எருக்கு, ஒரு மாதத்தில் முழுக்கத் துளிர்த்திருந்தது. நான் கொஞ்ச நேரம் நின்றேன், இந்த முறை சுவருக்கு முதுகைக் காட்டி. பிறகு சாவியை எடுத்து என் அறையைத் திறந்தேன்.